வாடகைப் படகு: பெறும்போது பார்! திருப்பும்போது சொல்!

மாலுமி இல்லாத பாய்மரப் படகு ஒன்றை, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு வாரத்துக்கு ஒப்படைத்து, "போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள்" என்று கடலில் அனுப்பிவிடுகிறார்கள். கேட்பதற்கு வியப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் உலகத்தில் பல கடற்கரைகளில் இது அன்றாடம் நடக்கிற வியாபாரம்.

ஐரோப்பாவில், அட்ரியாடிக் கடல் ஓரத்தில் உள்ள குரோஷியா நாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கரை நெடுகிலும் தீவுகள். சிறு பாறைத் திட்டுகளையும் சேர்த்து எண்ணினால் 1,200க்கு மேல் வரும். கோடை பிறந்துவிட்டால் இந்தத் தீவுகளைச் சுற்றிப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். ஸ்பிளிட், திரோகிர், ஜாதர் முதலிய துறைமுக ஊர்களில் வாடகைப் படகுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பணத்தைக் கட்டி, படகு ஓட்டும் லைசென்சையும் ரேடியோ பேசுவதற்கான சான்றிதழையும் காட்டினால் போதும். படகு கைக்கு வந்துவிடும். ஓட்டுவது, நங்கூரம் போடுவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வந்தவர் பொறுப்பு. இதற்கு 'பேர்போட்' என்று பெயர். ஆள் இல்லாத வெறும் படகு என்று பொருள்.

பெயர் நம்முடையது

இந்த வாடகைப் படகுகளில் இன்று குடும்பங்கள் பெரிதும் விரும்பி எடுப்பது 'கட்டமரான்'.

பெயரைக் கேட்டதும் புரிந்திருக்கும். தமிழ்நாட்டுக் கட்டுமரம்தான் கடல் கடந்து கட்டமரான் ஆயிற்று. சோழமண்டலக் கரையில் இதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, 1697ல் வெளியான தம் பயண நூலில் இந்தப் பெயரை எழுதி வைத்தார். ஆனால் பெயர்தான் நம்முடையது, உருவம் வேறு. இன்றைய கட்டமரானுக்கு இரண்டு உடல்கள். இரண்டையும் நடுவில் ஒரு மேடை இணைக்கிறது. பசிபிக் தீவு மக்கள் நெடுங்காலமாகக் கட்டிவந்த இரட்டைத் தோணியின் உருவம் அது. அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாப் என்ற படகுச் சிற்பி, 1876ல் 'அமாரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கட்டிப் பந்தயத்தில் விட்டார். அது மற்றப் படகுகளை முந்தி ஓடி எல்லோரையும் திகைக்க வைத்தது.

இன்று வாடகைக்கு வரும் கட்டமரான் சாதாரணமாக 40 முதல் 45 அடி நீளம் இருக்கும். அகலம் 20 அடிக்கு மேல். எட்டுப் பேர் தாராளமாகப் படுக்கலாம். சமையலறை, குளியலறை, குளிர்ப் பெட்டி எல்லாம் உண்டு. மிதக்கும் வீடு என்றே சொல்லலாம்.

கட்டுமரத்துக்கும் கட்டமரானுக்கும் உருவத்தைத் தவிர இன்னொரு வேற்றுமையும் உண்டு. அதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கட்டுமரத்தின் கட்டைகள் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆகவே கரை சேர்ந்ததும் மீனவர்கள் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்து மணலில் உலரப் போடுவது வழக்கம். மறுபடி கடலுக்குப் போகும்போது புதிதாகக் கட்டுவார்கள். எந்தக் கயிறு நைந்திருக்கிறது, எந்தக் கட்டை வெடித்திருக்கிறது என்பது கட்டுகிற கைக்கே தெரிந்துவிடும். கட்டியவரே ஏறுகிறார், ஏறியவரே திரும்பி வந்து அவிழ்க்கிறார். சோதனை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

வாடகைக் கட்டமரான் அப்படி அல்ல. கட்டியவர் ஒருவர், சொந்தக்காரர் ஒருவர், பழுது பார்ப்பவர் ஒருவர், ஓட்டுபவர் வாரத்துக்கு ஒருவர். போன வாரம் ஓட்டியவருக்குத் தெரிந்தது இந்த வாரம் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை அடைக்க இரண்டே வழிகள்தாம் இருக்கின்றன. ஒன்று, படகைப் பெறும்போது செய்யும் சோதனை. மற்றொன்று, திருப்பும்போது செய்யும் சோதனை. இந்த இரண்டும் இன்று பெரும்பாலும் பணக் கணக்காக மட்டும் நடைபெறுகின்றன. அது தவறு, ஆபத்தும்கூட.

சனிக்கிழமை நெருக்கடி

குரோஷியாவில் படகு வாரம் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கி சனிக்கிழமை முடிகிறது. பழைய குடும்பம் வெள்ளிக்கிழமை மாலையே துறைக்குத் திரும்பி, சனிக்கிழமை காலை 9 மணி சுமாருக்கு மூட்டை முடிச்சுகளுடன் இறங்கிவிட வேண்டும். புதிய குடும்பம் மாலை 4 அல்லது 5 மணிக்கு ஏறும். நடுவில் இருப்பது ஏழெட்டு மணி நேரம். அதற்குள் படகைக் கழுவ வேண்டும். படுக்கை விரிப்புகளை மாற்ற வேண்டும். உடைந்ததைச் சரி செய்ய வேண்டும். ஒரு படகுக்கா? துறையில் நிற்கிற அத்தனை படகுகளுக்கும் அதே நாள், அதே நேரம்!

ஊழியர்கள் மனிதர்கள்தாமே? ஆடி மாத வெயிலில் காலையிலிருந்து ஓடிக் களைத்தவர், மாலையில் வந்து படகை ஒப்படைக்கிறார்.

வாங்க வந்தவர்கள் மட்டும் தெளிவாக இருக்கிறார்களா? விமானப் பயணத்தில் தூக்கம் கெட்டிருக்கும். குழந்தைகள் பசி என்று அழும். கடையில் வாங்கிய காய்கறி மூட்டை துறையில் காயும். பொழுது சாய்வதற்குள் பாயை விரித்துவிட வேண்டும் என்ற ஆசை வேறு.

"எல்லாம் சரியாக இருக்கிறது, ஐயா. இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் ஊழியர்.

போட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் விவரமானவர்கள் கைப்பேசியை எடுத்துப் படகைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கீறலையும் படம் பிடிக்கிறார்கள். பட்டியலைப் பார்த்துக் கரண்டியையும் கோப்பையையும் எண்ணுகிறார்கள். ஏன்? டெபாசிட் பணம் சில ஆயிரம் யூரோ கட்டியிருக்கிறது. பழைய கீறலைத் தம் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம்.

படம் பிடிப்பது நல்ல காரியம்தான். தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கீறலால் எந்தப் படகும் மூழ்கியதில்லை. கரண்டி ஒன்று குறைந்ததால் யாரும் கடலில் தவித்ததில்லை. கரண்டியை எண்ணுகிறவர்கள் உயிர் காக்கும் சட்டையை எண்ணுகிறார்களா? குழந்தைக்கு அளவான சட்டை இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கிறார்களா? இதுதான் கேள்வி.

எது முதல்?

சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும். உயிர் முதல், பணம் கடைசி. அந்த வரிசைப்படி பார்த்தால் எதையும் விட்டுவிட மாட்டார்கள்.

முதலாவது, உயிர் காக்கும் பொருள்கள். சட்டைகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து ஆளுக்கு ஒன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும். காற்று நிரம்பும் வகையாக இருந்தால் அதில் உள்ள சிறு வாயுக் குப்பி இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். உயிர் காக்கும் மிதவையை எப்போது சோதித்தார்கள், அபாய வாணங்களின் காலக் கெடு எப்போது முடிகிறது என்ற தேதிகள் அவற்றின்மீதே அச்சிட்டிருக்கும். தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா? ரேடியோவில் 16ஆம் எண் அலைவரிசை வேலை செய்கிறதா? குரோஷியாவில் கடல் மீட்புக்கு 195 என்ற தொலைபேசி எண் உண்டு. அதைப் படகில் உள்ள அத்தனை பேரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. கடலில் விழுகிறவர் அவராகவே இருந்தால்?

இரண்டாவது, உள்ளே நுழையும் நீர். கட்டமரானுக்கு உடல் இரண்டு என்பதால் அடிவயிறும் இரண்டு. இரு பக்கமும் தரைப் பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கியிருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய மாலுமிகளின் வழக்கம். உப்புக் கரித்தால் கடல் நீர்; எங்கோ ஓட்டை. கரிக்காவிட்டால் குடிநீர்த் தொட்டியின் கசிவு. எளிய சோதனை, ஆனால் எந்தக் கருவிக்கும் குறைந்தது அல்ல. நீர் இறைக்கும் பம்புகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். கையால் இறைக்கும் பம்பின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் எடுக்கும்படி தெரிந்துகொள்ள வேண்டும். படகின் உடலைத் துளைத்துச் செல்லும் குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைப்பான் உண்டு. அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பல மாதம் திருப்பாமல் இறுகிப்போன அடைப்பான், தேவைப்படும் வேளையில் அசையாது.

மூன்றாவது, நெருப்பு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு ஜன்னலைத் திறக்கலாம். படகில் கசிந்தால் அது கீழே இறங்கி அடிவயிற்றில் போய்த் தங்கும். பிறகு ஒரு பொறி போதும். ஆகவே வாயு உருளை இருக்கும் பெட்டி வெளிப்பக்கம் வடிகால் உள்ளதாக இருக்கிறதா, உருளையை மூடும் திருகு எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நங்கூரம். இரவில் குடும்பம் நிம்மதியாகத் தூங்குவது இதை நம்பித்தான். கொஞ்சம் சங்கிலியை இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் மீண்டும் போடும் சுவிட்ச் எங்கே? சங்கிலி எத்தனை மீட்டர்? அதன் கடைசி முனை படகோடு கட்டப்பட்டிருக்கிறதா? கட்டமரானுக்கு மட்டும் இன்னொன்றும் வேண்டும். இரு உடல்களின் முன்பக்கத்திலிருந்தும் வந்து சங்கிலியில் சேரும் இரட்டைக் கயிறு அது. அது நைந்திருந்தால் படகு இரவெல்லாம் அலைக்கழியும்.

ஐந்தாவது, எஞ்சின்கள். உடலுக்கு ஒன்றாக இரண்டு. எண்ணெய், பெல்ட், கடல் நீரை வடிகட்டும் சல்லடை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பின்பக்கம் போய் நிற்க வேண்டும். புகையோடு தண்ணீரும் வெளியே கொட்டுகிறதா? கொட்டாவிட்டால் எஞ்சின் சூடேறிக் கெட்டுப்போகும். பிறகு கயிறு அவிழ்க்காமலேயே இரண்டையும் தனித்தனியாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். "ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கிறதே!" என்று சிலர் அலட்சியமாகச் சொல்கிறார்கள். துறைக்குள் கட்டமரானைத் திருப்புவது ஒரு எஞ்சினை முன்னும் மற்றொன்றைப் பின்னும் ஓட்டித்தான். ஒன்று கெட்டால், நெருக்கமான துறைக்குள் படகைத் திருப்பும் பிடியே போய்விடும்.

ஆறாவது, பாய். காற்று இல்லாத வேளையில் முழுப் பாயையும் ஏற்றிப் பார்ப்பது நலம். கிழிசல் தெரியும், எந்தக் கயிறு எதற்கு என்பதும் தெரியும். இங்கே ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. ஒற்றை உடல் படகு காற்று மிகும்போது சாயும். சாய்ந்து, "பாயைக் குறை" என்று எச்சரிக்கும். கட்டமரான் அதிகம் சாய்வதில்லை. சாயாததைப் பார்த்து எல்லாம் நலம் என்று எண்ணிவிடலாம். ஆனால் எல்லை மீறிக் கவிழ்ந்துவிட்டால் தானாக நிமிராது. ஆகவே எத்தனை காற்றுக்கு எத்தனை பாய் என்ற அட்டவணையை அந்தப் படகுக்கென்றே கேட்டு வாங்க வேண்டும். காற்றின் வேகத்தைக் காட்டும் கருவி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மலையிலிருந்து திடீரென்று இறங்கி அடிக்கும் 'பூரா' என்ற காற்றுக்குப் பேர்போன கடல் அது.

ஏழாவது, ஆழம் காட்டும் கருவி. அது காட்டும் எண் நீர் மட்டத்திலிருந்தா, படகின் அடிப்பாகத்திலிருந்தா? படகு சுமார் 4 அடி நீரில் அமிழ்ந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை தெரியாதவருக்கு 4 அடி தண்ணீர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கீறலைப் படம் பிடிக்கட்டும், கரண்டியை எண்ணட்டும். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முதல் நாள் மாலை கடலில் போகவில்லை என்றால் குடி முழுகிவிடாது. துறையிலேயே ஓர் இரவு தங்கி, காலையில் மனநிறைவோடு புறப்படலாம்.

சந்தேகமா? மரியாதையா?

"இப்படித் துருவித் துருவிப் பார்த்தால், கம்பெனிக்காரர் தம்மைத் திருடன் என்று நினைக்கிறார்களோ என்று வருந்த மாட்டாரா?" என்று சிலர் தயங்குகிறார்கள். குறிப்பாக, கண்ணியமானவர்கள்தாம் இப்படித் தயங்குகிறார்கள்.

தயக்கம் தேவை இல்லை. பெருங்கப்பல்களின் உலகத்தைப் பாருங்கள். ஆள் இல்லாமல் கப்பலை மட்டும் வாடகைக்கு விடுவதற்கு 'பேர்கான்' என்ற பொது ஒப்பந்தப் படிவம் இருக்கிறது. பிம்கோ என்ற சர்வதேசக் கப்பல் சங்கம் 1974ல் இதை வெளியிட்டு, பிறகு 1989, 2001, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தியது. அதன் 2001ஆம் ஆண்டுப் படிவம் என்ன சொல்கிறது? கப்பலைக் கொடுக்கும்போதும் திருப்பும்போதும் சொந்தக்காரரும் வாடகைக்காரரும் தத்தம் நிபுணரை நியமித்து, கப்பலின் நிலையைப் பார்த்து, எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் சோதனைச் செலவு சொந்தக்காரருடையது. கடைசிச் சோதனைச் செலவு வாடகைக்காரருடையது. கோடிக் கணக்கில் வியாபாரம் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அவமதிக்கவா இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்? இல்லை. நாளைக்குச் சண்டை வரக்கூடாது என்பதற்காக.

எழுதாக் கணக்குக்கு அழுதாலும் தீராது. எழுதிய கணக்கு இருந்தால் அழ வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே, சோதனை என்பது நம்பிக்கைக்கு எதிரி அல்ல. நம்பிக்கை நிற்பதற்கு அதுதான் தரை.

வெள்ளிக்கிழமை மாலை

இதுவரை சொன்னது பாதி. இனிமேல்தான் கடினமான பாதி.

வாரம் முடிந்து படகு திரும்புகிறது. டீசல் பங்க்கில் நீண்ட வரிசை. நிரப்பிக்கொண்டு துறைக்கு வந்தால், பல இடங்களில் முக்குளிக்கிற ஆள் ஒருவர் தயாராக இருக்கிறார். அவர் நீரில் இறங்கி அடிப்பாகத்தையும் சுக்கானையும் சுழல் விசிறியையும் பார்க்கிறார். மேலே ஊழியர் பட்டியலோடு சுற்றி வருகிறார். எல்லாம் சரி என்றால் டெபாசிட் திரும்பும்; இல்லை என்றால் பிடிப்பார்கள்.

இந்த வேளையில் மனிதர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லத் தேவை இல்லை. "அவர்களாகக் கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்வோம். நாமாக ஏன் வாயைக் கொடுக்க வேண்டும்?" பெரிய மனிதர்கள், நேர்மையானவர்கள்கூட இப்படி நினைத்துவிடுகிறார்கள்.

ஆனால் முக்குளிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாதவை எத்தனையோ உண்டு. புதன்கிழமை எஞ்சின் பத்து நிமிஷம் சூடேறி அலறியது. வியாழக்கிழமை ஒரு கயிறு விசிறியில் சுற்றிக்கொண்டது, அறுத்து எடுத்தார்கள். நங்கூரச் சங்கிலி ஒரு தடவை பிடி நழுவி ஓடியது. சமையலறையில் ஒரு நாள் காலை லேசாக வாயு நாற்றம் அடித்தது. ஜன்னலைத் திறந்ததும் போய்விட்டது. இவற்றை அறிந்தவர்கள் உலகத்திலேயே அந்தப் படகில் இருந்தவர்கள் மட்டும்தாம். அவர்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்தச் செய்தி அவர்களோடு விமானம் ஏறிப் போய்விடும்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடாவில் பின்பக்கமாக நகரும்போது சுக்கான் பாறையில் லேசாக இடித்தது. பெரிய சத்தம் இல்லை. அதற்குப் பிறகு சக்கரம் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பியது; அவ்வளவுதான். சுக்கானின் தகட்டில் அடையாளம் எதுவும் தெரியவில்லை. டெபாசிட் முழுதும் திரும்பி வந்தது. சந்தோஷமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வேறொரு குடும்பம் ஏறுகிறது. வளைந்த தண்டு, உரசுகிற வளையம், சொட்டுச் சொட்டாக உள்ளே வரும் நீர். காற்று ஓங்கி அடிக்கிற ஒரு பிற்பகலில், பாறைக் கரைக்கு அருகில், சுக்கான் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டால்? பழி யார் மீது? சட்டப்படி யாரையும் பிடிக்க முடியாது. மனச்சாட்சிப்படி?

உண்மைக்கு அபராதமா?

மனச்சாட்சியை மட்டும் குறை சொல்லி விட்டுவிடுவது நியாயம் அல்ல. ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது. உண்மையைச் சொன்னவர் பணத்தை இழக்கிறார். மறைத்தவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போகிறார். உண்மைக்கு அபராதமும் மௌனத்துக்குப் பரிசும் கொடுக்கிற ஏற்பாட்டில் உண்மை எப்படி வளரும்?

விமான உலகம் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. விமானிகள் தாம் செய்த தவறுகளையும் கண்ட ஆபத்துகளையும் எழுதி அனுப்பலாம். அதை வாங்கிப் படிப்பது, தண்டிக்கிற அரசு இலாகா அல்ல, நாசா நிறுவனம். எழுதியவர் பெயரை நீக்கிவிடுகிறார்கள். தெரியாமல் விதியை மீறியவர், குறித்த காலத்துக்குள் தாமாக எழுதியிருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தண்டனை இல்லை. வேண்டுமென்று செய்த குற்றத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒருவருடைய தவறு ஆயிரம் பேருக்குப் பாடமாகிறது.

படகுக் கம்பெனிகளும் இதைச் செய்யலாம். திருப்பும்போது இரண்டு தாள்கள் கொடுக்கட்டும். ஒன்று பணக் கணக்கு. மற்றொன்று 'நடந்தவை'. இரண்டாவது தாளில் எழுதுகிற எதற்கும், வேண்டுமென்றே செய்த சேதத்தைத் தவிர, காசு பிடிப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டும். அது முடியாதென்றால், தாமாகச் சொன்னவருக்குப் பாதிதான் பிடிப்போம் என்றாவது சொல்லட்டும். திரும்பிவராத ஒரு சிறு தொகையை முன்னாலேயே கட்டிவிட்டால் டெபாசிட்டைக் குறைத்துக்கொள்ளும் வழி இப்போதே பல கம்பெனிகளில் உண்டு. அந்த வழியை எடுத்தவருக்கு மறைக்க வேண்டிய காரணமும் குறைகிறது. அதை மூலையில் சிறிய எழுத்தில் போடாமல் முதலிலேயே எடுத்துச் சொல்லலாம்.

"இப்படிச் செய்தால் ஜனங்கள் அஜாக்கிரதையாக ஓட்டுவார்கள், சேதம் பெருகும்" என்று கம்பெனிக்காரர்கள் ஆட்சேபிக்கலாம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் தன் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறவர், டெபாசிட்டுக்குப் பயந்தா பாறையை விட்டு விலகி ஓட்டுகிறார்? மேலும், நடுக் கடலில் பழுதாகும் எஞ்சினுக்கு ஆள் அனுப்பும் செலவையும், அந்த வாரத்து வாடகையைத் திருப்பிக் கொடுக்கும் செலவையும் கூட்டிப் பார்த்தால், முன்கூட்டியே தெரிந்துகொண்ட ஓர் உண்மை மலிவான சரக்கு என்பது விளங்கும்.

சனிக்கிழமை நெருக்கடியையும் தளர்த்தலாம். கரீபியன் கடலில் உள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலும் இதே தொழில் பெரிதாக நடக்கிறது. அங்கே எந்தக் கிழமையிலும் பயணத்தைத் தொடங்க விடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வேலை வாரம் முழுவதும் பரவினால் ஊழியருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். படகுக்கும் நல்ல கவனம் கிடைக்கும்.

எடுத்தவர் கடமை

கம்பெனிகள் மாறும்வரை படகை எடுத்தவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். முதல் நாளிலிருந்து நடந்ததை நடந்தபடி இரண்டு வரி எழுதிவர வேண்டும். எஞ்சின் எப்படி ஓடியது, பம்ப் எத்தனை தடவை ஓடியது, எங்கே எதில் இடித்தது. கடைசி நாளில் அதைப் படித்துக் காட்டிவிட்டு, ஒரு நகலைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். கொஞ்சம் பணம் போகலாம். போனால் போகட்டும்.

முதல் நாள் படகைச் சரியாகப் பார்த்து எழுதி வைத்தவருக்குக் கடைசி நாள் உண்மை சொல்வதும் எளிது. எது பழைய குறை, எது தம்மால் வந்தது என்பது எழுத்தில் இருக்கிறதே! அநியாயமாகப் பணம் பிடிப்பார்களோ என்ற பயம் இல்லாதவர்தான் தயங்காமல் பேசுவார். இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று தாங்குவது இப்படித்தான்.

கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டுகிற மீனவர், தம் கையால் கட்டியதில் தாமே ஏறினார். வாடகைப் படகில் ஒருவர் கட்டிவிட்டுப் போனதில் இன்னொருவர் ஏறுகிறார். ஆகவே, பெறும்போது பார்ப்பது தம் குடும்பத்துக்காக. திருப்பும்போது சொல்வது, முகம் தெரியாத இன்னொரு குடும்பத்துக்காக.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு அந்தப் படகில் ஒரு குழந்தை துள்ளிக் குதித்து ஏறும். சக்கரம் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்புகிறது என்பது அதற்குத் தெரியாது. அதன் தகப்பனாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்லிவிட்டுப் போகட்டும்.